குடிகாட்டில் பார்த்த நீல வண்டி

ரொம்பச் சுத்தமாக இருக்கும் வண்டியைக் கண்டால் எனக்குப் பயம். அழுக்கு வண்டி எதையும் மறைக்காது. சேறு எங்கே, துரு எங்கே, கீறல் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். துடைத்துப் பளபளவென்று நிற்கிற வண்டிதான் நம்மைக் கவிழ்க்கும். பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில், கடலூரில், காலத்தை ஓட்டிவிட்டு இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்து வண்டி பார்க்கக் கிளம்பியிருக்கும் உங்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது, இந்தப் பயமே ஒருமுறை என்னை நன்றாகக் கவிழ்க்கப் பார்த்தது. அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

என்ஜின் சத்தம், செயின், டயர் இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே பார்க்கிறீர்கள். போனில் வீடியோ பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அதில் நான் வாயைத் திறக்கப்போவதில்லை. பார்த்து முடித்த பிறகு, விற்கிறவர் ஒரு பக்கமும் வாங்குகிறவர் ஒரு பக்கமும் நின்றுகொண்டு நம் வாயையே பார்ப்பார்களே, அந்த நேரத்துக்கு எந்த வீடியோவும் கிடையாது.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் சிதம்பரத்திலிருந்து ஒரு பழைய சிநேகிதர் போன் செய்தார். கடலூர் – சிதம்பரம் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். அவர் மகள் ரெபேக்கா கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் முதன்முதலாக ஆசைப்பட்டு வாங்கியது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக். யாரோ ஒருவன் "சூப்பர் கண்டிஷன்" என்று தலையில் கட்டிய வண்டி. எங்கேயோ மோதி முன்பக்கம் கோணியதை மறைத்து விற்றுவிட்டான். ஒருநாள் அவசரமாக பிரேக் பிடித்தபோது வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் அவளைத் தூக்கி ரோட்டோரம் போட்டது. காலர் எலும்பு உடைந்து, கையைத் தூக்க முடியாமல் வெகுநாள் கிடந்தாள்.

"மச்சான், திரும்பவும் அதே மாதிரி வண்டிதான் வேணும்னு நிக்கிறா. சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீ பாத்து சரின்னு சொல்லு, நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ வேணாம்னா வேணாம்தான்" என்றார் சிநேகிதர்.

கடலூரை ஒட்டிய குடிகாட்டில் ஒரு வண்டி விற்பனைக்கு இருப்பதாகக் கடைக்குத் தகவல் வந்திருந்தது. ரெபேக்காவை வரச்சொல்லி, அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கடை ஸ்கூட்டரில் கிளம்பினேன். வழியில், "ஏம்மா, பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்களுமா மாமா? எங்க வார்டுல பேஷன்ட்டு கூட இதத்தான் கேக்குறாங்க" என்று சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பில்லாமல் சொன்னாள்: "இதுவும் சரியில்லன்னா நான் விட்டுடுறேன் மாமா. இதுக்கு மேல அப்பாகிட்ட சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல. எனக்கும் உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்குது."

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. கோணல் வண்டியை நல்ல வண்டி என்று சொல்லிவிட்டால் அவள் எலும்பு மறுபடி உடையும். நல்ல வண்டியைக் கோணல் என்று சொல்லிவிட்டால் அவள் இனிமேல் வண்டிப் பக்கமே போக மாட்டாள். எந்தப் பக்கம் தவறினாலும் அடி அவளுக்குத்தான்.

குடிகாட்டுப் பக்கம் வண்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கெமிக்கல் கம்பெனிகளின் காற்று ஒரு பக்கம், கடல் காற்று ஒரு பக்கம். வெள்ளியாக மின்ன வேண்டியதெல்லாம் சீக்கிரமே மங்கி, துருப்பிடித்துப் பொரிப்பொரியாக நிற்கும். குமரவேலின் வீட்டு வாசலில் நின்ற நீல வண்டியில் ஒரு பொரி இல்லை. துணிப்போர்வையை அவர் இழுத்தபோது ஷோரூமிலிருந்து காலையில்தான் இறக்கியதுபோல் இருந்தது. குமரவேல் அங்கேயே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மஸ்கட்டில் வேலை கிடைத்துக் கிளம்புகிறார், அதனால்தான் விற்கிறார். "தெனம் வேலை முடிஞ்சி வந்து தொடச்சாத்தான் சார் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

ரெபேக்காவுக்கு வண்டியைப் பார்த்ததுமே மனசு அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றாலும் கண் அங்கேயே இருந்தது. எனக்கோ அந்தப் பளபளப்பே பிடிக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.

தேடினால் கிடைக்காமல் போகுமா? முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தது. பக்கத்து மூடியின் திருகுகளிலும் அப்படியே. பின்பக்கம் ஒன்றில்கூட இல்லை. முன்பக்கத்தை மட்டும் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நம் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"வண்டி எங்கயாச்சும் மோதியிருக்கா?"

குமரவேலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா சார் பேசுறீங்க? கீழ கூட சாஞ்சது இல்ல. என் புள்ள மாதிரி வச்சிருக்கேன்."

"அப்ப முன்னாடி எதுக்குக் கழட்டுனீங்க?"

கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. "கழட்டலியே" என்றார். குரல் கம்மியது. பார்வை வீட்டுக்குள் போய் வந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு மெயின்ரோட்டில் ஒரு சுற்று போனேன். என்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, வேகத்தில் முன்பிரேக்கை அழுத்தினேன். வண்டி இடது பக்கம் இழுத்தது. கொஞ்சம்தான். வேறு யாராவது வாங்குவதாக இருந்தால் டயர் தேய்மானம் என்று விட்டிருப்பேன். ரெபேக்காவை இடது பக்கம் தூக்கிப் போட்ட வண்டியை நினைத்ததும் அப்படி விட எனக்கு மனசு வரவில்லை.

திரும்பி வந்தபோது குமரவேல் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஆள் மதியமே வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராம். "சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க சார்" என்றார். நானும் சொன்னேன். ரெபேக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டாம்மா, முன்பக்கம் அடிபட்ட வண்டி மாதிரி தெரியுது" என்றேன்.

அவள் ஏன், என்ன, இன்னொரு தடவை பாருங்கள் என்று எதுவும் கேட்கவில்லை. "சரி மாமா" என்றாள். கையில் வைத்திருந்த ஹெல்மெட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அந்த "சரி மாமா" எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கூட்டரைக் கிளப்பப் போனபோதுதான் எங்கள் முதலாளி ஞாபகம் வந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர். கல்லாவில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டே, "வண்டிய வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த வீட்ல ஒரு வாய் தண்ணி கேட்டுக் குடிடா" என்பார். ஏன் என்று விளக்கியதே கிடையாது. தண்ணீர் கேட்டால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் வெளியே வரும், நமக்கும் உட்கார ஒரு சாக்கு கிடைக்கும், வாசலில் வராத பேச்சு அப்போது வரும் என்பதை நானாகத்தான் போகப் போகப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு அவசரத்தில் தண்ணீர் கேட்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

அதோடு இன்னொன்றும் உறுத்தியது. மோதியதா என்று கேட்டபோது அந்த ஆளுக்கு வந்தது கோபம். கழற்றினீர்களா என்று கேட்டபோது வந்தது பயம். மோதிய வண்டி என்றால் இரண்டுக்கும் பயம்தானே வர வேண்டும்?

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று திரும்பிப் போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். குமரவேலின் மனைவி செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்துவிட்டு, கழற்றினீர்களா என்று கேட்காமல், "ஏம்மா, எந்தச் சமயத்துல முன்சக்கரத்தக் கழட்டுனாரு?" என்று கேட்டேன்.

செல்வி புருஷனைப் பார்த்தார். "சொல்லித் தொலையேன். இன்னா கொலையா பண்ட்ட?"

குமரவேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். "வெள்ளத்துல கழட்டுனது சார்."

ஒரு மழைக்காலத்தில் உப்பனாறு நிரம்பி, தண்ணீர் அந்தத் தெருவுக்குள் வந்திருக்கிறது. எல்லோரும் தங்கள் வண்டிகளைக் கயிற்றால் கம்பத்தில் கட்டிவிட்டு உயிர் பிழைத்தால் போதும் என்று மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். குமரவேலுக்கு மட்டும் மனசு வரவில்லை. வண்டியையே மாடிக்கு ஏற்றிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். மாடிப்படியோ ஒரு ஆள் ஒதுங்கி ஏறுகிற அகலம். திருப்பத்தில் வண்டி வளையவில்லை. அங்கேயே முன்சக்கரத்தையும் மூடியையும் கழற்றி, மச்சான்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"என்னைய கீழ நிக்க வச்சிட்டு மொதல்ல வண்டியத்தான் சார் தூக்குனாரு. தண்ணி என் முட்டிக்கு வந்துடுச்சி. வா வான்னு அதத்தான் கொஞ்சுறாரு, என்னைய கூப்புடல" என்றார் செல்வி. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இத ஏங்க மறைச்சீங்க?" என்றேன்.

"வெள்ளம்னு வாயத் தொறந்தாலே யாரும் கிட்ட வர மாட்டேங்குறாங்க சார். மாடியில இருந்துச்சின்னா எவனும் நம்பல. வந்தவுங்க அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. அதான் கழட்டவே இல்லன்னு சொல்லிட்டேன்."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அந்த ஆளைப் பொய் சொல்ல வைத்தது நாம்தான். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் தண்ணீரில் ஊறிய வண்டிகளைக் கழுவி விற்பதும் நம் தொழிலில் இருப்பவர்கள்தான், வெள்ளம் என்ற சொல்லைக் கேட்டதும் ஓடுவதும் நாம்தான். நல்ல வண்டி வைத்திருப்பவன் வேறு என்ன செய்வான்? தம்பிகளே, தங்கைகளே, விற்கிறவர் ஒரு பொய் சொன்னதும் நாம் பயப்படுகிற விஷயத்தைத்தான் மறைக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள்.

அதற்காக அவர் சொன்னதை அப்படியே விழுங்கிவிடவும் இல்லை. கதை நன்றாக இருந்தது என்பதால் வண்டி நன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. மாடிப்படி ஏறிப் பார்த்தேன். திருப்பத்துச் சுவரில் சிமெண்ட் பெயர்ந்து ஒரு குழி, அதற்கு மேலே டயர் தேய்த்த கறுப்புக் கோடு. "வெள்ளையடிக்கிறேன்னு வருஷா வருஷம் சொல்றாரு" என்று செல்வி பின்னாலேயே வந்து காட்டினார். மாடி அறையில் அந்த வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. கீழே வந்து சீட்டையும் ஏர் பில்டரையும் திறந்தேன். தண்ணீரில் முங்கிய வண்டி என்றால் எவ்வளவு கழுவினாலும் ஒயர் முடிச்சுகளில் வண்டல் தங்கியிருக்கும். விரலை விட்டுத் துழாவினேன். சுத்தமாக இருந்தது. இந்தத் தடவை அந்தச் சுத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

மிச்சம் இருந்தது அந்த இடதுபக்க இழுப்பு. தண்ணீர் வடிந்த பிறகு சக்கரத்தை மாட்டியது யார் என்று கேட்டேன். "நான்தான் சார். போன்ல வீடியோ பாத்து" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னும் பின்னும் நூலைக் கட்டிப் பார்த்ததில் வண்டியின் சட்டம் நேராகவே இருந்தது. சக்கரத்தைத்தான் கொஞ்சம் முறுக்கி மாட்டியிருந்தார். புள்ள மாதிரி வைத்திருந்தவர் சட்டைப் பொத்தானை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டிருக்கிறார். தளர்த்தி, நேராக்கி, இறுக்கினேன். மறுபடி மெயின்ரோட்டுக்குப் போய், அதே வேகத்தில் அதே மாதிரி பிரேக்கை அழுத்தினேன். நூல் பிடித்ததுபோல் நின்றது. இன்னும் வேகமாகப் போய் அழுத்தினேன். நின்றது. நடுரோட்டில் நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை அந்தப் பக்கம் போன டவுன் பஸ்ஸே வேடிக்கை பார்த்திருக்கும்.

நான் திரும்பி வந்தபோது குமரவேலின் போன் அடித்தது. அந்தப் பாண்டிச்சேரி ஆள்தான். "அவுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க அண்ணே. அவுங்க வேணாம்னா கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர்மேல் இருந்த மிச்ச வருத்தமும் போய்விட்டது.

"ரெபேக்கா, பையைத் திறம்மா" என்றேன். அவள் ஜிப்பை இழுத்து ஹெல்மெட்டை வெளியே எடுத்தாள்.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்தது. அப்பாவிடம் காட்ட வண்டியை நேராகச் சிதம்பரத்துக்கே ஓட்டிப்போவதாக இருந்தாள் ரெபேக்கா. அவளைத் தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நிறுத்த வேண்டிய இடம் வரும் முன்பே வேகத்தைக் குறைத்து, காலால் பின்பிரேக்கை மட்டும் தொட்டு நிறுத்தினாள். முன்பிரேக் பக்கம் விரலே போகவில்லை. வண்டியை நான் நேராக்கிவிட்டேன், அவளுக்குள் கோணியிருப்பதை எந்த ஸ்பேனரால் சரிசெய்வது? வாயைத் திறந்து சொன்னால் பயம் இன்னும் ஜாஸ்தியாகும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். "சிதம்பரம் வரைக்கும் நானும் பின்னாடியே வர்றேன், உங்கப்பாவ பாத்து நாளாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

புதுச்சத்திரம் வரை அவள் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனாள். அதைத் தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டுப் பழைய ரோட்டில் இறங்கினோம். காற்று நன்றாக வந்தது. வண்டி அவளை மெதுவாகச் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். வேகம் ஏறிக்கொண்டே போனது. என் ஸ்கூட்டர் மூச்சு வாங்கியது. அவளுடைய பிரேக் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே ஓடினேன்.

உளுந்து அறுவடைச் சமயம் அது. நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், பிடுங்கிய செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் ஏறியே உளுந்து உதிர்ந்துவிடும். அப்படி ஒரு பரப்புக்குச் சற்று முன்னால், கருவேலப் புதருக்குள்ளிருந்து ஒரு கன்றுக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு நேராக ரோட்டுக்கு ஓடிவந்தது. நீல வண்டியின் முன்பக்கம் குனிந்தது. பின்பக்கம் லேசாக எழுந்து இறங்கியது. அவ்வளவுதான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு விரற்கடை அசையாமல் கன்றுக்குட்டிக்கு முன்னால் வண்டி நின்றது. கன்று அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டு போய்விட்டது.

நின்றுவிட்டாள், நின்றுவிட்டாள் என்று நான் சந்தோஷத்தில் கத்தினேன். கத்துவதில் கவனமாக இருந்ததால் பிரேக் பிடிக்க மறந்துவிட்டேன். ஞாபகம் வந்து பிடித்தபோது என் ஸ்கூட்டர் அதைக் காதில் வாங்கவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு போய் உளுந்துச் செடியில் ஏறி, வழுக்கி, என்னைச் செடிக் குவியலின்மேல் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் படுத்துக்கொண்டது.

ரெபேக்கா வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "மாமா! எங்க வலிக்குது? கையத் தூக்குங்க. தோள அசைங்க. தல சுத்துதா?" என்று நர்ஸாக மாறி என்னை அங்கேயும் இங்கேயும் அமுக்கிப் பார்த்தாள். எனக்கு ஒரு வலியும் இல்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டதுபோல் இருந்தது.

"முன்பிரேக்கா புடிச்ச?" என்று கேட்டேன்.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "ஆமா மாமா" என்றாள். "புடிச்சிருக்கேன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. நானும் செடிக் குவியலில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். உளுந்துக்காரர்கள் ஓடிவந்து, அடிபட்டவன் சிரிப்பதையும் அடிபடாதவள் அழுவதையும் பார்த்துக் குழம்பி நின்றார்கள்.

அவர்களோடு சேர்ந்து ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்திய ரெபேக்கா, பிரேக் பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அது கைப்பிடி வரைக்கும் சொதசொதவென்று போய் ஒட்டிக்கொண்டது.

"மாமா, இந்த வண்டிய யாரு பாத்து வாங்குனது?"

கடைக்கு அதைப் பார்த்து வாங்கியதே நான்தான். வேட்டியிலிருந்த உளுந்தைத் தட்டிவிட ஆரம்பித்தேன்.

சிதம்பரம் வரை அவள்தான் முன்னால் போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நீல வண்டியை ஓரங்கட்டி, நான் ஒழுங்காக வருகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினாள்.